குப்புறப் போட்ட வரிசை

ஜனவரி 4

தம்பிக்கு,

இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். போன் செய்திருக்கலாமே என்று கேட்பாய். இந்தப் பாறை முகாமில் சிக்னல் கிடைக்க மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடந்து போய்க் கூப்பிட்டால் நீ "ம்" என்பாய், நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், நான் மறுபடி மூன்று கிலோமீட்டர் நடந்து திரும்ப வேண்டும். கடிதத்தில் கத்தினால் யாருக்கும் காது வலிக்காது. தவிர, சாமான் ஏற்றி வரும் ஜீப்காரர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறார், தபாலும் போடுகிறார்.

உன் மகள் மாசமாக இருக்கிறாள் என்று அடுத்தவர் வாயால் கேள்விப்பட்டேன். அத்தைக்கு ஒரு வரி எழுதக் கூடாதா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கல்யாணத்துக்கே வராதவள் எந்த மூஞ்சியோடு கேட்பது என்று மூடிக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற மணற்பாறை உனக்குத் தெரியும். அது ஆழமில்லாத பழைய கடலின் அடியில், ஏற்றமும் வற்றமுமாகக் கடல் தண்ணீர் போய் வந்து சேர்த்த மணல் என்கிறேன் நான். இல்லை, ஒரு பழைய ஆறு கொண்டுவந்து கொட்டியது என்கிறார் எங்கள் மூத்த பேராசிரியர். ஆற்றுக்காரர் என்று அவருக்குப் பெயர் வைத்திருக்கிறேன். அவர் எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார் என்று தெரியாது, தெரியாமலே இருக்கட்டும். பிப்ரவரி 12-ஆம் தேதி அவரும் இன்னும் இரண்டு பேரும் வருகிறார்கள். நான் சொல்வதை அவர்களுக்குக் காட்ட முடியாவிட்டால் முகாமை மூடிவிடுவார்கள். ஒன்பது வருஷமும் ஆற்றோடு போச்சு.

காட்ட வேண்டிய பாறை முகப்பு கடலில் சரிந்துவிட்டது. சரிவதற்கு முன் நான் வெட்டியெடுத்த ஒரே ஒரு பாளம் உன் கல் பட்டறையில் இருக்கிறது. நறுக்கி வை, வந்து பார்க்கிறேன் என்று லாரியில் அனுப்பினேனே, அதுதான். பத்திரமாக இருக்கிறதா? ஒரு வரி எழுது. கோபத்தோடு எழுதினாலும் பரவாயில்லை.

அக்கா


ஜனவரி 9

அக்காவுக்கு,

சௌக்கியம். எல்லாரும் சௌக்கியம். பிப்ரவரி கடைசியில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

உன் கல்லும் சௌக்கியம். நறுக்கச் சொன்னாய், நறுக்கினேன். ஒன்றரை விரல் கனத்தில் ஆறு பலகை, ஒவ்வொரு பலகையிலும் முப்பது சென்டிமீட்டர் சதுரத்தில் எட்டுக் கல், மேலே நாலு, கீழே நாலு. வந்து பார்க்கிறேன் என்றாய், எட்டு மாசம் பார்த்தேன். பட்டறையில் இடம் அடைத்துக்கொண்டு கிடந்தது. அப்போது எங்கள் தெரு முனைப் பல் டாக்டரம்மா காத்திருக்கும் அறைக்குத் தரை போடக் கேட்டார். போட்டுவிட்டேன்.

நீ கத்துவது இங்கே கேட்கிறது. கொஞ்சம் தண்ணீர் குடி.

பெயர்த்துத் தா என்று மட்டும் கேட்காதே. நான் ரசமட்டம் வைத்துப் போட்ட தரை. மூட்டில் நகம்கூட நுழையாது. ஒரு கல்லைக் கிளப்பினால் பக்கத்தில் நாலு உடையும். டாக்டரம்மாவிடமும் பேச்சுக்குக் கேட்டேன். "பல்லு வேணா எத்தனை வேணா பிடுங்கிக்கலாம், தரையில மட்டும் கை வைக்காதீங்க"ன்னு சொல்லிட்டாங்க. மாப்பிள்ளை போட்டோ எடுத்து அச்சுப் போட்டுக் கொடுத்தார், இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். வந்து போகிறவர்கள் எல்லாரும் அழகாக இருக்கிறது என்கிறார்கள். வாயில் பஞ்சு இருப்பதால் விவரமாகச் சொல்ல முடிவதில்லை.

கல்யாணத்தன்று முதல் வரிசையில் உனக்கு நான் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தேன். சொந்தக்காரர்கள் எத்தனை பேர் அந்த நாற்காலியைக் கேட்டார்கள் தெரியுமா? "எங்கக்கா வரும்" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை வற்றிப்போனது. சாயங்காலம் துண்டை உதறி நானே தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். கோபத்தோடு எழுதினாலும் பரவாயில்லை என்றாய், எழுதிவிட்டேன்.

தம்பி


ஜனவரி 14

டேய் ரசமட்டம்!

கடிதத்தைப் படித்ததும் உன்னை என்னென்ன சொல்லித் திட்டினேன் என்று ஜீப்காரரைக் கேள். அவர் இனிமேல் தன் தம்பியோடு சமாதானமாகப் போவதாகச் சொல்லியிருக்கிறார். பல் டாக்டர் வீட்டுத் தரையா? ஆயிரம் செருப்பு மிதிக்கிற இடமா?

அப்புறம் போட்டோவைப் பார்த்தேன். பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

மீன்முள்! அந்தத் தரையில் மீன்முள் இருக்கிறதடா! கீழ் வரிசையில் கோடுகள் எல்லாம் வலப் பக்கம் சாய்ந்திருக்கின்றன, மேல் வரிசையில் இடப் பக்கம். சுத்தம் செய்து வைத்த மீன்முள் மாதிரியே. இதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? தண்ணீர் மணலைத் தள்ளிக்கொண்டு போகும்போது, போகிற பக்கமாகச் சரிவு சரிவாகப் படியும். அந்தச் சரிவுதான் கல்லில் சாய்ந்த கோடு. ஆறு ஒரே பக்கம் ஓடும், கோடும் ஒரே பக்கம் சாயும். இரண்டு பக்கமும் சாய்ந்தால் தண்ணீர் போயும் இருக்கிறது, வந்தும் இருக்கிறது. அது கடல்தான். பாளத்தை வெட்டியெடுத்தபோது வெளிப்பக்கமெல்லாம் அரித்து மங்கிக் கிடந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. நீ அறுத்துத் திறந்திருக்கிறாய்!

போட்டோவைப் பிரதி எடுத்து நேற்றே ஆற்றுக்காரருக்கு அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு வரி: "மீன்முள் பார்த்திருக்கிறீர்களா, சார்?" சின்னப்பிள்ளைத்தனம்தான். அனுபவித்து எழுதினேன்.

கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்றைக்குக் காலையில் கிளம்பப் பெட்டியெல்லாம் கட்டிவிட்டேன். முதல் நாள் புயல், பாறையில் வாய் பிளந்தது. இன்றோ நாளையோ விழும் என்று தெரிந்தது. பெட்டியை வைத்துவிட்டு உளியை எடுத்தேன். அந்தப் பாளம்தான் இது. மறுநாள் முகப்பு முழுசும் விழுந்தது. நான் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

சந்தோஷத்தில் நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் நேராக்கிப் படித்துக்கொள். சுவரில் காலண்டர் கோணலாக இருந்தால் சாப்பிட உட்காராதவன்தானே நீ.

அக்கா


ஜனவரி 18

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

பேசாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். நீ டேய் என்று கூப்பிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அதைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? என் மனைவி சொன்னாள்: "உங்கக்கா சந்தோஷமா இருக்காங்கன்னு விட்டா, பன்னண்டாம் தேதி நாலு பேர் முன்னாடி தலை குனிவாங்க. இப்பவே சொல்லிடுங்க." நியாயமாகப் பட்டது.

மீன்முள் உன் கல்லில் இல்லை அக்கா. நான் போட்டது.

அந்தக் கல்லில் கோடு எல்லாமே ஒரே பக்கம்தான் சாய்ந்திருந்தது. ஒரே பக்கம் சாய்கிற கோட்டை அறை முழுக்கப் போட்டால் தரையே சரிந்து ஓடுகிற மாதிரி தெரியும், உள்ளே வருகிறவர்களுக்குத் தலை சுற்றும். அதனால் எங்கள் தொழிலில் ஒரு வரிசையை நிமிர்த்தியும் அடுத்த வரிசையைக் குப்புறவும் போடுவோம். குப்புறப் போட்டால் கோடு எதிர்ப்பக்கம் சாயும், கண்ணுக்குத் தரை மட்டமாக நிற்கும். கீழ் வரிசை கல் இருந்தபடி. மேல் வரிசை நான் புரட்டியது. மூட்டு தெரியாதபடி போட்டேன் என்று பெருமை அடித்தேனே, அதுவே வினையாகப் போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இடம் அடைத்துக்கொண்டு கிடந்தது என்று எழுதினேன், பொய். பட்டறையில் லாரியே நிறுத்த இடம் இருக்கிறது. லாரிக்காரர் சொன்ன தேதியை வைத்தே, கல்யாண வாரத்தில் வெட்டிய கல் என்று கணக்குப் போட்டுவிட்டேன். இந்தக் கல்லுக்காகத்தானே நீ வரவில்லை, நாலு பேர் மிதிக்கட்டும் என்றுதான் போட்டேன். போட்ட பிறகு ஒரு நாள்கூட நான் அதன் மேல் செருப்போடு நடக்கவில்லை. அதுவும் உண்மை.

திட்டு. வாங்கிக்கொள்கிறேன்.

தம்பி


ஜனவரி 22

தம்பிக்கு,

சிக்னல் கிடைக்கும் இடம்வரை நடந்து போய் ஆற்றுக்காரருக்குப் போனில் எழுதிவிட்டேன். மீன்முள் இயற்கையானது அல்ல, தரை போட்டவர் கைவண்ணம், என் பிழை, வாபஸ் வாங்குகிறேன் என்று. பதில் உடனே வந்தது: "முள் தொண்டையில் சிக்கிக்கொண்டதா, அம்மா? 12-ஆம் தேதி வருகிறோம். வேறு ஏதாவது இருந்தால் காட்டுங்கள்."

வேறு எதுவும் இல்லை.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. அறுத்த கல்லை நேரில் வந்து பார்க்காமல், போட்டோவைப் பார்த்துக் குதித்தவள் நான். கல்லைப் பார்க்கிறவள் போட்டோவை நம்பலாமா?

செருப்பில்லாமல் நடந்தாய் என்று எழுதியதை மட்டும் நாலைந்து முறை படித்தேன்.

அக்கா


ஜனவரி 29

அக்காவுக்கு,

நீ திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். திட்டாமல் விட்டதால் நாலு நாளாகப் பல் டாக்டரம்மா வீட்டில் முட்டி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

என்ன செய்தேன் என்று கேள். போட்ட தரையைப் பெயர்க்க முடியாது, ஆனால் பிரதி எடுக்கலாம் இல்லையா? கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள் ஒரு சுருள் வாங்கினேன். ஒரு பலகையின் எட்டுக் கல்லையும் கண்டுபிடித்தேன். எந்தக் கல் எங்கே என்று என் நோட்டில் இருக்கிறது. ஒவ்வொரு கல்லின் மேலும் தாளை விரித்து எல்லாக் கோட்டையும் பேனாவால் வரைந்தேன். நிமிர்ந்த வரிசையை அப்படியே வைத்தேன். குப்புறப் போட்ட வரிசையின் தாளைப் புரட்டி வைத்தேன். ரம்பம் தின்ற மூன்று மில்லிமீட்டரை நடுவில் விட்டு எட்டையும் ஒட்டினேன். மேல் வரிசைக் கோடு ஒவ்வொன்றும் கீழ் வரிசைக் கோட்டில் போய்ப் பொருந்தியது அக்கா. உன் பாளம் முழுசாக வந்துவிட்டது. எல்லாம் ஒரே பக்கம்தான் சாய்கிறது, அதில் மாற்றம் இல்லை. மன்னித்துக்கொள்.

ஆனால் என் கண்ணுக்கு இரண்டு விஷயம் உறுத்தியது. உறுத்தினால் எனக்கு அளந்தாக வேண்டும், உனக்குத் தெரியும்.

ஒன்று, கோடு ஒற்றையாக இல்லை. மெல்லிசாக இரண்டு கறுப்புக் கோடு ஒட்டினாற்போல் போகிறது, நடுவில் அரிசி கனத்துக்கு மணல். அப்புறம் நல்ல மணல் பட்டை. மறுபடி இரட்டைக் கோடு. கடைசி வரைக்கும் இரட்டை இரட்டைதான்.

இரண்டு, மணல் பட்டை எல்லாம் ஒரே கனம் இல்லை. வேலை தெரியாத கொத்தன் பூசின மாதிரி இருக்கிறதே என்று டேப் வைத்து வரிசையாகக் குறித்தேன். தாறுமாறு இல்லை! ஏழாவது பட்டை ஆறு மில்லிமீட்டர், அதுதான் ஒல்லி. அங்கிருந்து 9, 13, 18 என்று ஏறி 52 வரைக்கும் போகிறது. பிறகு அதே மாதிரி படிப்படியாக இறங்கி, முப்பத்தைந்தாவது பட்டையில் மறுபடி ஏழுக்கு வருகிறது. ஒல்லிக்கும் ஒல்லிக்கும் நடுவே இருபத்தெட்டு. மற்ற ஐந்து பலகைக்கும் தாள் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருபத்தெட்டு.

இது எதற்காவது ஆகுமா? ஆகாவிட்டால் சொல், முட்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு படுக்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 2

என் தங்கமே,

ஜீப்காரர் என்னைப் பார்த்துப் பயந்துவிட்டார். ஒரே சமயத்தில் அழுதுகொண்டும் ஆடிக்கொண்டும் இருந்தேன்.

ஒரு நாளைக்குக் கடல் எத்தனை தடவை ஏறும்? இரண்டு தடவை. பதினாலு நாளைக்கு? இருபத்தெட்டு! அமாவாசை, பௌர்ணமி நாளில் தண்ணீருக்கு வேகம் அதிகம், பட்டை தடிமன். அரை நிலா நாளில் தண்ணீர் சோம்பேறி, பட்டை ஒல்லி. உன் டேப் அளந்தது நிலாவைத்தானடா! கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு இரண்டு வாரம், ஒரு தடவைகூட விட்டுப்போகாமல், பல் டாக்டர் வீட்டுத் தரையில் கிடக்கிறது.

இரட்டைக் கோட்டுக்கும் காரணம் சொல்கிறேன். தண்ணீர் ஒரு பக்கம் பலமாகப் போய் மணல் பட்டையைப் போடும். பிறகு சற்று நேரம் அசையாமல் நிற்கும். அப்போது கலங்கல் படிந்து ஒரு கறுப்புக் கோடு. திரும்பி வரும் தண்ணீருக்கு அவ்வளவு பலம் இல்லை, நீ சொன்ன அரிசி கனத்து மணலைத்தான் போடும். மறுபடி நிற்கும், இரண்டாவது கோடு. அதனால்தான் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. திரும்பி வரவில்லை என்று அர்த்தம் இல்லை. வந்திருக்கிறது, மெதுவாக வந்திருக்கிறது. எந்த ஆறு ஒரு நாளைக்கு நாலு தடவை நின்று மூச்சு வாங்கும்? ஆற்றுக்காரரிடம் கேட்கப் போகிறேன்.

மூன்று பேரையும் பல் டாக்டரம்மா வீட்டுக்கே அழைத்து வருகிறேன். 11-ஆம் தேதி ராத்திரி உன் வீட்டில் எனக்குப் பாய் போட்டு வை.

ஒன்று சொல்ல வேண்டும். போன கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு நான் வந்திருக்க வேண்டும். கல் போனால் போகட்டும் என்று வந்திருக்க வேண்டும். இந்தக் கல் இன்று என்னைக் காப்பாற்றினாலும் அது தப்புதான். உன்னிடம் இதைச் சொல்ல இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

அக்கா


பிப்ரவரி 12, பல் டாக்டரம்மா வீடு, மதியம்

அக்கா,

பையையும் போனையும் இங்கேயே போட்டுவிட்டு ஓடிவிட்டாய். வீட்டுக்குச் சாமான் எடுக்க வந்த மாப்பிள்ளை இப்போது ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

காலையில் அவர் வந்து, "வலி வந்துருச்சு, ரெண்டு வாரம் முன்னாடியே வந்துருச்சு, அத்தையைத்தான் கேக்குறா"ன்னு சொன்னதும் உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். நான் போகிறேன், நீ இரு என்று வாயைத் திறப்பதற்குள் பூதக்கண்ணாடியை என் கையில் திணித்துவிட்டாய். ஆற்றுக்காரர், "நீங்க போயிட்டா யாரும்மா விளக்குறது?" என்றார். "அளந்தவன் இவன்தான் சார். கல்லு இத்தனை கோடி வருஷம் காத்துக்கிட்டு இருந்துச்சு, அவ காத்திருக்க மாட்டா" என்று சொல்லிவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் போனாய். உன் வேலை என் தலையில் விழுந்த பயத்தில் நான் மடமடவென்று பேச ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் குப்புறப் போட்டதைச் சொன்னேன். "அந்த மீன்முள்ளு நீங்கதானா?" என்று ஆற்றுக்காரர் சிரித்தார். பிறகு தாளை விரித்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆற்றுக்காரர் மேல்கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, தரையில் குப்புறப் படுத்து எண்ண ஆரம்பித்தார். கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒருவரும் கூடவே குனிந்து எண்ணி, "இருபத்தேழுதான் வருது" என்றார். இருவருக்கும் வாக்குவாதம். டாக்டரம்மா உள்ளேயிருந்து வந்து மூன்றாவதாக எண்ணினார். இருபத்தெட்டு.

"நடுவுல வெட்டினதுல எவ்வளவு போச்சு?" என்று ஆற்றுக்காரர் கேட்டார். மூட்டுக்கு மூன்று மில்லிமீட்டர் என்றேன், நோட்டைக் காட்டினேன். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்றார். "தரை போடுறேங்க" என்றேன். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டே, "ஆறு இப்படி நின்னு நின்னு போகாது" என்றார். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார்: முகாம் நடக்கட்டுமாம். போகும்போது மூன்று பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அறையைக் கடந்தார்கள்.

அங்கே என்ன ஆச்சு? மூன்று பேரையும் பஸ் ஏற்றிவிட்டுத்தான் நான் வர முடியும், அதுவரை பொறுக்காது, உடனே எழுது. எனக்கு இங்கே கை கால் ஓடவில்லை.

தம்பி


பிப்ரவரி 12, ஆஸ்பத்திரி

தாத்தா ஆகிவிட்ட தம்பிக்கு,

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பெண் குழந்தை. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். மூக்கு உன்னுடையது, குரல் என்னுடையது, பக்கத்து வார்டுவரை கேட்டது. உன் மகள் கடைசி நேரம்வரை என் கையை விடவில்லை. கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று நடுவில் ஒரு தடவை கேட்டாள். தப்பு செய்துவிட்டேன் என்று சொன்னேன். "இப்ப வந்துட்டீங்கல்ல" என்று இன்னும் இறுக்கிப் பிடித்தாள். விரல்கள் வீங்கியிருக்கின்றன.

உன் கடிதத்தை நர்ஸ் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஒன்பது வருஷ வேலை, காப்பாற்றியவன் நீ. மிச்சத்தை நேரில் சொல்கிறேன், எழுத இடம் இல்லை.

குழந்தையை இன்னும் அரை மணியில் வெளியே கொண்டுவருவார்கள். பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது, நாற்காலிக்கு அடிதடி. முதல் வரிசையில் என் பக்கத்து நாற்காலியில், பாறையில் வெயிலுக்குத் தலையில் கட்டுவேனே அந்தத் துண்டைப் போட்டு வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும், "எந்தம்பி வருவான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சீக்கிரம் வா.

அக்கா